குலசிங்கத்தின் பியரும் நான் போட்ட கோடும்

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னர் தொலைபேசி அடித்தது. சூரிச்சிலிருந்து குலசிங்கத்தின் மனைவி இராணி பேசினார். அவர் என்னைத் தாமாக அழைத்தது அதுதான் முதல் தடவை. "மாஸ்டர்" என்ற குரலைக் கேட்டவுடன், பழையது ஏதோ தெரிந்துவிட்டது, அதைக் கேட்கத்தான் அழைக்கிறார் என்று என் மனம் ஓடியது. "அவர் போயிட்டார், மாஸ்டர்" என்று அவர் சொன்னபோது நான் வேறொரு பதிலை ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். முதல்நாள் வேலைக்குப் போக ட்ராமுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் பிறகு எழும்பவில்லையாம். துக்கம் எனக்குச் சற்றுப் பிந்தித்தான் வந்தது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வெளியிடும் நினைவு மலருக்கு நான் ஒரு கட்டுரை தரவேண்டும் என்று எட்டாம் நாள் இராணி கேட்டார். குலசிங்கத்தை அறிந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. உங்களில் பலருடைய வீட்டுக் குழாய்களை அவர் திருத்தியிருக்கிறார். அவர் வடித்த பியரைக் குடிக்காத ஆண்கள் பாசலிலும் சூரிச்சிலும் குறைவு. ஆனால் எண்பத்தைந்தாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அவர் பாசலில் வேலை இழந்தது ஏன் என்பது உங்களுக்குத் தெரிந்திராது. அது எனக்குத் தெரியும்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் முப்பத்தொரு வருடம் இரசாயனம் படிப்பித்தவன். பாசலுக்கு அகதியாக வந்தபின், ஓர் இரசாயன நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவினேன். குலசிங்கம் ஊரில் ஐஸ் தொழிற்சாலை மெக்கானிக். இங்கே அதே நிறுவனத்தின் உணவகத்தில் வேலை செய்தார். காலையும் மாலையும் கோப்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்கள் மாடிக்கு வருவார். கிளைன்பாசலில் நாங்கள் இருந்த வீட்டில் அவர் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. இருவருடைய அகதி விண்ணப்பமும் முடிவாகாமல் கிடந்தது. இராணி அப்போது ஊரில் இருந்தார்.

அந்த வீட்டில் சலவையறைத் திறப்பு, அதாவது சாவி, ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் வரும். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த முறைவரை அழுக்குத் துணியோடு இருக்கவேண்டியதுதான். குலசிங்கம் தம் முறையில் துணி தோய்க்கமாட்டார். கீழ்த்தளத்தில் துணி அவிக்கும் பெரிய பழைய கொப்பரை ஒன்று இருந்தது. அதை மினுக்கி, மோல்ட் எனும் முளைத்த பார்லியின் சாறும் தண்ணீரும் ஊற்றிக் கொதிக்க வைப்பார். யாரும் வந்து பார்த்தால் காட்டுவதற்காக ஒரு சட்டையை நனைத்துக் கொடியில் போட்டிருப்பார். எப்போதும் அதே நீலச் சட்டை.

கட்டடப் பொறுப்பாளர் திருமதி ஹூபர் ஒருநாள் மணம் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். நானும் அங்கே நின்றேன்.

"என்ன இது?" என்று கொப்பரையைக் காட்டினார்.

"சுப்பே, ஃப்ராவ் ஹூபர்."

"சூப்பா? இருபது லீற்றரா?"

"ஃபீலே தமிலன்" என்றார் குலசிங்கம். நிறையத் தமிழர் என்று அதற்குப் பொருள்.

அந்த அம்மா நீலச் சட்டையைப் பார்த்தார், கொப்பரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படியேறிப் போய்விட்டார். "மாஸ்டர், உங்கட முகத்தைப் பாத்துத்தான் அவ சந்தேகப்பட்டவ. சூப்பெண்டு நினைச்சிருப்பா, நீங்கள் கள்ளன் மாதிரி நிண்டு கெடுத்துப்போட்டியள்" என்றார் குலசிங்கம்.

நான் குடிப்பவன் அல்லன். இந்த வேலையில் எனக்குப் பங்கு வந்தது ஒரு புத்தகத்தால். அந்த வீட்டில் முன்னர் இருந்த ஆங்கிலேயர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது சில மோல்ட் டின்களையும், வீட்டில் பியர் வடிப்பது பற்றிய ஒரு கையேட்டையும், ஓர் அடர்த்திமானியையும் குலசிங்கத்திடம் விட்டுப் போயிருந்தார். ஆங்கிலப் புத்தகம் எனக்கு. அடர்த்திமானியும் எனக்கு. "நீங்கள் வாசியுங்கோ, அளவுங்கோ, நான் காய்ச்சிறன், குடிக்கிறன். ரெண்டு பேருக்கும் சரி பாதி வேலை" என்று அவர் பிரித்துத் தந்தார். நான் ஒவ்வொரு முறையும் நாள், வெப்பநிலை, அடர்த்தி என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன்.

அவருக்கு இங்குள்ள பியர் பிடிக்காது. "பியர் எண்டால் விழுங்கினவுடனை போயிடவேணும். நாக்கிலை குந்தியிருக்கக் கூடாது" என்பார். ஆனால் அவருடைய பியரும் நாக்கில் குந்தியது. ஏனென்றால் மோல்ட்டில் உள்ள சீனி எல்லாவற்றையும் ஈஸ்ட் தின்று முடிப்பதில்லை. அதில் ஒரு பகுதி கோத்த சங்கிலிபோல நீளமானது. ஈஸ்டுக்கு அதைக் கடிக்கத் தெரியாது. அது மிஞ்சி நின்று ஒரு தடிப்பையும் இலேசான இனிப்பையும் தரும். வெறும் தண்ணீரில் அடர்த்திமானி 1000 காட்டும். அவருடைய பியர் எப்போதும் 1011, 1012 என்ற அளவில் வந்து நின்றுவிடும். கையேடும் அப்படித்தான் சொன்னது.

ஓகஸ்ட் மாதத்தில் அவர் என்னிடம் ஒரு கான் கேட்டார். எங்கள் ஆய்வுகூடத்துக்கு நொதியங்கள், அதாவது என்சைம்கள், இருபத்தைந்து லீற்றர் பிளாஸ்ரிக் கான்களில் வரும். அடியில் திருகித் திறக்கும் சிறிய குழாய் பொருத்தியிருக்கும். வெறுமையானவற்றை யாரும் எடுக்கலாம் என்று பொறுப்பாளரான டொக்டரே சொல்லியிருந்தார். நான் ஒரு கானைச் சுடுதண்ணீரால், சோடாவால், மறுபடி சுடுதண்ணீரால், கடைசியாக வடித்த நீரால் கழுவி, கவிழ்த்து உலரவைத்துக் கொடுத்தேன். கழுவுவதில் எனக்கு அப்போது பெருமை இருந்தது. வேறு எதிலும் பெருமைப்பட இடமில்லாத காலம்.

அந்தக் கானில் புளித்த முதல் பியரை அளந்தபோது அடர்த்திமானி 998 காட்டியது.

நான் அதை நம்பவில்லை. மானியைக் கழுவித் துடைத்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், 1000 காட்டியது. மறுபடி பியரில் விட்டேன், 998. மதுசாரம் தண்ணீரைவிட இலேசானது. சீனி முழுவதும் போய்விட்டால் இப்படி வரலாம். ஆனால் சீனி முழுவதும் போகாது என்பது கையேட்டின் கூற்று. எனவே இவர் எனக்குத் தெரியாமல் கிர்ஷ் சாராயத்தை ஊற்றிவிட்டார் என்று நினைத்தேன். மணந்து பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. வாயில் வைத்துப் பார்த்தேன். நாக்கில் எதுவும் நிற்கவில்லை. உலர்ந்து, சுத்தமாக, உடனே போய்விட்டது.

"எப்பிடி மாஸ்டர்?" என்றார் அவர். முகம் முழுவதும் சிரிப்பு.

"நீர் இதுக்குள்ளை என்ன போட்டனீர்?"

"நானோ? உங்களைத்தான் கேக்கவேணும். படிச்ச ஆள் நீங்கள்தானே."

அந்தப் பதிலை அன்றிரவும் மறுநாளும் திருப்பித் திருப்பி யோசித்தேன். கேள்வியை என் பக்கம் திருப்பிவிடுகிறாரே, ஏன்?

மூன்றாம் நாள் எனக்கு விளக்கம் கிடைத்தது, அல்லது கிடைத்ததாக நினைத்தேன். ஆய்வுகூடத்தில் நாங்கள் வேலை செய்த நொதியம், மாப்பொருளின் நீண்ட சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டிச் சிறிய சீனியாக்குவது. அதில் கால் தேக்கரண்டி ஒரு கான் பியருக்குள் போனால், ஈஸ்ட் கடிக்க முடியாததெல்லாம் கடிக்கக்கூடியதாகிவிடும். ஒன்றும் மிஞ்சாது. 998 வரும். குளிரறையில் அந்த நொதியம் ஒரு லீற்றர் போத்தல்களிலும் இருந்தது. குளிரறைத் திறப்பு என் மேசை இழுப்பறையில். கோப்பி வண்டி நாளுக்கு இரண்டு முறை அந்த மேசையைத் தாண்டிப் போகும்.

அதற்குப்பின் நான் அவருடன் சாதாரணமாகப் பழகவில்லை. பழகுவதுபோல இருந்தேன். அவர் வண்டியோடு வரும்போது இழுப்பறையைப் பார்ப்பேன். சலவையறையில் அவர் முதுகைக் காட்டி நின்றால் கையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பேன். அவர் பக்கம் வந்தால் கொப்பியை மூடிவிடுவேன். இரண்டாம் முறை 1002 வந்தது. மூன்றாம் முறை 1006. எடுத்தது தீர்ந்து வருகிறது, அதனால் குறைத்துக் குறைத்துப் போடுகிறார் என்று கணக்கிட்டேன். இரண்டாம் முறை அடைத்த போத்தல்களில் ஒன்று கீழ்த்தளத்தில் வெடித்து, திருமதி ஹூபரின் துவாய்த் துண்டுகளெல்லாம் பியர் மணத்தது. அடைத்தபிறகும் உள்ளே சீனி வெட்டுப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. என் எண்கள் ஒவ்வொன்றும் சரியாக இருந்தன. அவற்றை வைத்து நான் கட்டிய கதை மட்டும் பிழை. அது அப்போது தெரியவில்லை.

அக்டோபரில் குளிரறைச் சாமான்களைச் சரிபார்த்தபோது ஒரு லீற்றர் நொதியப் போத்தல் ஒன்று குறைந்தது. எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. டொக்டர் என்னைக் கூப்பிட்டு, கடந்த இரண்டு மாதத்தில் நம் மாடிக்கு வந்துபோன வெளியாட்களின் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரும்படி சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் திறப்பு என்னிடம் இருந்ததை இருவரும் அறிவோம். திருட்டு என்று ஒரு வரி என் கோப்பில் ஏறினால் விண்ணப்பம் போய்விடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். அதே வரி குலசிங்கத்தின் கோப்பில் ஏறினால் அவருக்கும் அப்படித்தான். இராணியைக் கூப்பிடும் வழியும் அடைபடும். இதுவும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு இடமில்லை.

பட்டியலில் ஏழு பெயர்கள். சன்னல் துடைப்பவர், வாயு உருளை கொண்டுவருபவர், இப்படி. நேரங்களையும் எழுதினேன். குலசிங்கத்தின் பெயர் ஐந்தாவது. எல்லாவற்றையும் எழுதி முடித்தபின், அந்தப் பெயருக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அடிமட்ட அளவுகோல் வைத்துப் போட்டேன். ஒரு சொல்லும் எழுதவில்லை. குற்றம் சாட்டவில்லை, கவனத்துக்குக் கொண்டுவந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை குலசிங்கத்தை டொக்டரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். நான் அடுத்த அறையில் கழுவிக்கொண்டு நின்றேன். இடையில் கண்ணாடிக் கதவு. நீங்கள் எடுத்தீர்களா என்ற கேள்விக்கு அவர் "நைன்" (இல்லை) என்று தெளிவாகச் சொன்னது கேட்டது. யார் எடுத்தது தெரியுமா என்று அடுத்துக் கேட்டார்கள். அதற்கு அவர் பேசவில்லை. மறுபடி கேட்டார்கள். அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார். அந்த மௌனத்தால்தான் வேலை போனது. பொலிசுக்குப் போகவில்லை, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். குற்றவாளி என்பதால்தான் வாய் திறக்கவில்லை என்று நான் நிம்மதி அடைந்தேன்.

அன்று மாலை படியில் எதிர்ப்பட்டார். "மாஸ்டர், உங்கட வேலைக்கு ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே?" என்று கேட்டார்.

அது எனக்குக் குத்தலாகப் பட்டது. "எனக்கேன் பிரச்சினை?" என்றேன்.

"அப்ப நல்லது" என்று சொல்லி ஏறிப் போனார்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் போத்தல் கிடைத்தது. மேல்மாடி ஆய்வுகூடம் ஒன்றின் குளிர்ப்பெட்டியில், வேறு போத்தல்களுக்குப் பின்னால், முத்திரை உடையாமல் இருந்தது. அங்கே வேலை செய்த மாணவி யாரோ ஜூலையில் இரவல் வாங்கி எழுதிவைக்க மறந்துவிட்டார். டொக்டரே குலசிங்கத்தின் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டு, வேலையைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். குலசிங்கம் மறுத்துவிட்டார். ஏன் என்று கேட்டவர்களுக்கு, "அங்கை கோப்பி சரியில்லை. நானே ஊத்திக் குடுத்தது, எனக்குத் தெரியும்" என்று பகிடியாகச் சொன்னார். அதற்குள் அவருக்குச் சூரிச்சில் லாங்ஸ்ட்ராசப் பக்கம் ஓர் உணவகச் சமையலறையில் இடம் கிடைத்துவிட்டது.

போத்தல் முத்திரை உடையாமல் இருந்தது என்றால் 998 எப்படி வந்தது? இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. வேறெங்கோ எடுத்திருப்பார் என்று அப்போதும் சந்தேகப்பட்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சூரிச்சுக்குப் போக முதல்நாள் அவர் என் கதவைத் தட்டினார். கையில் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். மேசையில் வைத்து விரித்தார். கானின் அடியில் இருந்த அந்தப் பிளாஸ்ரிக் குழாய்.

"கானைக் கழட்டிக் கழுவுவம் எண்டு பாத்தன். உள்ளுக்குப் பாருங்கோ."

குழாயின் கழுத்துக்குள்ளும் ரப்பர் வளையத்தின் அடியிலும் மண்ணிறமாக ஒரு பாகு ஒட்டிக் கிடந்தது. நொதியம். நான் கானைக் கவிழ்த்துக் கழுவியபோது அந்த மூலைக்குத் தண்ணீர் போகவே இல்லை. குழாயைத் திருகிக் கழற்றிக் கழுவவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முப்பத்தொரு வருடம் பிள்ளைகளுக்குப் பாத்திரம் கழுவப் பழக்கிய எனக்கு. முதல் முறை அதிகம் கரைந்தது, அடுத்த முறை குறைவு, அதற்கடுத்த முறை இன்னும் குறைவு. 998, 1002, 1006. கொப்பியில் நானே எழுதியிருந்தேன்.

குலசிங்கம் கதிரையில் இருந்தார். சிரிக்கவில்லை.

"மாஸ்டர், ஒரு விசயம் சொல்லவேணும். நான் உங்களைத்தான் சந்தேகப்பட்டனான். நீங்கள்தான் அங்கையிருந்து மருந்தைக் கொண்டுவந்து எனக்குச் சொல்லாமல் பியருக்குள்ளை விட்டுப் பாக்கிறியள் எண்டு நினைச்சன். ஒவ்வொரு நாளும் வந்து அளக்கிறியள், நான் வந்தால் கொப்பியை மூடுறியள். வேறை என்ன நினைக்க? டொக்டர் கேக்கேக்கை அதுதான் வாய் திறக்கேல்லை. இந்த வயசிலை உங்களைத் திருப்பி அனுப்பினால் என்ன செய்வியள்? எனக்குக் கையிலை தொழில் கிடக்கு." சற்று நிறுத்தினார். "நினைச்சது பிழை. குறை நினையாதேங்கோ."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் சொல்லவேண்டிய நேரம் அதுதான். வாய்வரை வந்தது. "இரும், தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று எழும்பிப் போனேன். கேத்தல் கொதித்து முடிந்தபிறகும் நான் குசினியில் நின்றேன். திரும்பி வந்தபோது அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். பாதித் தேநீர் குடித்தார். போய்விட்டார். குழாய் மேசையிலேயே கிடந்தது.

அதற்குப் பின்னான நான்கு வருடத்தில் கல்யாண வீடுகளில் ஐந்தாறு முறை கண்டிருப்போம். தூரத்திலிருந்து கை காட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தேடினேன்.

இந்தக் கட்டுரையின் முதல் பிரதியில் கோட்டைப் பற்றி எழுதவில்லை. கொப்பரையும் நீலச் சட்டையும் திருமதி ஹூபரும் குழாயும் மட்டுமே அதில் இருந்தன. போன சனிக்கிழமை அதை இராணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் வாசித்தார். சூப் வந்த இடத்தில் சிரித்தார். பிறகு தாள்களை அடுக்கி மேசையில் வைத்தார்.

"கோட்டைப் பற்றி எழுதேல்லையோ, மாஸ்டர்?"

நான் தாள்களை எடுத்து மறுபடி அடுக்கினேன்.

"அவர் கண்டவர். டொக்டரின்ரை மேசையிலை பேப்பர் கிடந்ததாம். 'அந்தக் கட்டடத்திலை அடிமட்டம் வைச்சுக் கோடு போடுற ஆள் ஒராள்தான், இராணி' எண்டு எனக்குச் சொன்னவர்."

"கண்டாப்பிறகோ வாய் திறக்காமல் நிண்டவர்?"

"ஓம்."

"கோவிக்கேல்லையோ?"

"ஏன் கோவிக்கேல்லை? நான் வந்த புதிசிலை உங்கட பேரைச் சொன்னால் எழும்பி அங்காலை போவார். ஆனால் தான் உங்களைப் பிழையா நினைச்சதைச் சொல்லாமல் ஊர் மாறக்கூடாது எண்டு வந்தவர். தான் சொன்னால் நீங்களும் சொல்லுவியள் எண்டு இருந்தவராம்." இராணி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் தேத்தண்ணி போடப் போட்டியளாம்."

பிறகு கோபம் தணிந்ததா என்று கேட்டேன். தெரியாது என்றார். அதைப் பற்றி அவர் பேசுவதை நிறுத்திவிட்டாராம். பேசாமல் விட்டது மன்னித்ததாலா, அலுத்ததாலா என்று எனக்கு விளங்கவில்லை. இனி விளங்கப்போவதும் இல்லை.

ஆகவே இது இரண்டாம் பிரதி. குலசிங்கம் திருடவில்லை. அவரைச் சந்தேகித்தவன் நான், பெயருக்குக் கீழே கோடு போட்டவன் நான், கழுவத் தவறியவனும் நான். அவர் இருந்த காலத்தில் சொல்லியிருக்க வேண்டியதை அவரை அறிந்த உங்களிடம் சொல்கிறேன்.

அந்தக் குழாய் என்னிடம் இருக்கிறது. அதே பத்திரிகைத் தாளில் சுற்றி, அளவுக் கொப்பியோடு வைத்திருக்கிறேன். ரப்பர் வளையத்தின் அடியில் இருந்த பாகு காய்ந்து கறுத்துவிட்டது. என் கைக்கு வந்த பாத்திரங்களில் நான் கழுவாமல் வைத்திருப்பது அது ஒன்றுதான்.